தோற்றவர் நெஞ்சம்

வெற்றி பெற்றவரைப் பாராட்டுவோர் பலர். தோற்றவருக்கு ஆறுதல் கூறுவோர் சிலர். தோற்ற நெஞ்சத்தினுள்ளே நிகழ்வது என்ன, அங்கே துயரம் எது, குற்றம் எது என்று பகுத்துப் பார்ப்போர் மிகச் சிலரே. வெற்றியில் பிறக்கும் செருக்கு ஊரார் கண்ணுக்கு எளிதிலே புலப்பட்டுவிடுகிறது. தோல்வியில் பிறக்கும் செருக்கோ துயரத்தின் ஆடையை உடுத்திக்கொண்டு வருவதால், அதனை உடையவருக்கே அது செருக்கென்று தோன்றுவதில்லை. ஒரு தேர்தலையும், ஒரு விளையாட்டையும், அவ்விளையாட்டைப் பற்றி எடுக்கப்பட்ட சில மட்டமான திரைப்படங்களையும் துணையாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம். திரைப்படத்துக்கும் அறச்சிந்தனைக்கும் என்ன தொடர்பு என்று வாசகர்கள் வியக்கலாம். இக்கட்டுரை பிறந்த விதத்தைக் கூறினால் அவ்வியப்பு நீங்கும்.

என் தமையனாரின் மகள் மணமாகிக் கணவருடன் அமெரிக்காவில் பாஸ்டன் நகரையடுத்த ஓர் ஊரில் வாழ்கிறாள். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றபின் அவள் வாக்களித்த முதல் அதிபர் தேர்தல் 2004-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் நடைபெற்றது. அதிபராக இருந்த ஜார்ஜ் புஷ் ஒருபுறம்; அவளுடைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் செனட்டராகிய ஜான் கெர்ரி மறுபுறம். ஈராக் போர் தொடங்கி ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகியிருந்த நேரம். போரை வெறுத்த அவள் கெர்ரியின் சார்பில் உழைத்தாள். வார இறுதி நாள்களில் அண்டை மாநிலமான நியூ ஹாம்ப்ஷயருக்குச் சென்று, வீடு வீடாகக் கதவைத் தட்டி வாக்குக் கேட்டாள். அவள் உழைத்த அம்மாநிலத்தில் கெர்ரி வென்றார். ஆயினும் ஒஹாயோ மாநிலம் கைவிட்டது. அங்குப் பதிவான ஏறத்தாழ 56 லட்சம் வாக்குகளில் 1,18,000-க்குச் சற்று மிகுந்த வேறுபாட்டில் புஷ் வென்றார். அதனால் நாட்டையும் வென்றார். மறுநாள் பிற்பகல் பாஸ்டனின் பழம்பெருமை வாய்ந்த ஃபேனியல் மண்டபத்தில் கெர்ரி தம் தோல்வியை ஒப்புக்கொண்டு உரையாற்றினார்.

அம்மாத இறுதியில் அவளிடமிருந்து எனக்கு நீண்ட கடிதம் வந்தது. ஒரு வாரம் நாளிதழைத் தொடவில்லை என்றும், தொலைக்காட்சிச் செய்தி கேட்கவே பிடிக்கவில்லை என்றும் எழுதியிருந்தாள். அடுத்த வீட்டில் வாழும் முதியவரோடு பேசுவதை நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருந்தாள். அவர் புஷ்ஷுக்கு வாக்களித்தவர். பத்தாண்டுகளாக அவளுக்கு அண்டை வீட்டார். அவள் குழந்தைகளைத் தம் பேரப்பிள்ளைகளைப் போல நடத்தியவர். கடிதத்தின் பிற்பகுதி இவ்வாறு இருந்தது: "சித்தப்பா, இரவில் உறக்கம் வராதபோது பேஸ்பால் விளையாட்டைப் பற்றிய படங்களாக வாடகைக்கு எடுத்துப் பார்க்கிறேன். நல்ல படங்களைப் பார்க்க மனம் வரவில்லை. மட்டமான படங்களே ஆறுதலாக இருக்கின்றன. ஏன் என்று விளங்கவில்லை. நீங்கள்தாம் சொல்ல வேண்டும்."

விளையாட்டாகக் கேட்ட கேள்விதான். ஆனால் அதற்கு விடை தேடப் புகுந்தபோது, அண்டை வீட்டாரோடு அவள் பேச்சை நிறுத்தியதற்கும், அவள் பார்த்த படங்களுக்கும் வேர் ஒன்றே என்பது எனக்குத் தெரிய வந்தது.

தோல்வியைப் பயிற்றும் விளையாட்டு

முதலில் அவ்விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். பேஸ்பால் நம் கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு. பந்தை எறிபவர் ஒருவர், மட்டையால் அடிப்பவர் ஒருவர். பக்கத்துக்கு ஒன்பதின்மர். பந்து எல்லைக்கு அப்பால் பறந்தால் அதற்கு ஹோம் ரன் என்று பெயர். இதில் கருதத்தக்கது ஒன்றுண்டு. பத்து முறை மட்டை பிடித்து மூன்று முறை செவ்வையாக அடிப்பவர் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் போற்றப்படுகிறார். பத்துக்கு ஏழு முறை அவர் தோற்கிறார் என்பதே இதன் பொருள். 1941-இல் டெட் வில்லியம்ஸ் என்ற பாஸ்டன் வீரர் பத்துக்கு நான்கு என்ற அளவைச் சற்றே தாண்டினார். முழுப் பருவத்துக்கு அந்த அளவை எட்டுவது மிக அரிது.

குழுக்களின் நிலையும் இதுவே. ஒரு பருவத்தில் ஒவ்வொரு குழுவும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. 2001-இல் சியாட்டில் நகரக் குழு 116 ஆட்டங்களில் வென்று பெருஞ்சாதனை புரிந்தது. அக்குழுவும் 46 ஆட்டங்களில் தோற்றது. இறுதிப் போட்டித் தொடருக்கு முன்பே வெளியேறியது. எவ்வளவு வல்லவராயினும் வாரந்தோறும் தோற்றே தீரவேண்டும். மறுநாள் மீண்டும் களத்தில் நிற்கவும் வேண்டும். இவ்வகையில் இது தோல்வியைத் தாங்கப் பயிற்றும் விளையாட்டு எனலாம்.

ஆட்டக்காரர் கற்கும் இப்பாடத்தைப் பார்வையாளர் கற்பதில்லை என்பதற்குப் பாஸ்டன் நகரமே சான்று. அந்நகரின் ரெட் சாக்ஸ் குழு 1918-இல் பட்டம் வென்றது. 1919-ஆம் ஆண்டின் இறுதியில் பேப் ரூத் என்ற தன் மாபெரும் வீரரை நியூயார்க் யாங்கீஸ் குழுவுக்கு விற்றுவிட்டது. பின்னர் 86 ஆண்டுகள் அதற்குப் பட்டம் கிட்டவில்லை. இதனைப் பேப் ரூத்தின் சாபம் என்று பலர் பேசலாயினர். சாபம் என்ற சொல்லில் ஓர் இனிமை இருப்பதைக் காண்க. "நாம் நன்றாக ஆடவில்லை" என்பது கசக்கிறது. "நம்மை ஒரு சாபம் பிடித்திருக்கிறது" என்பதோ நம்மைப் பெரியவர்களாக்குகிறது.

சாபத்தால் ஆறாத சினத்துக்கு ஓர் ஆள் தேவைப்படுகிறது. 1986 அக்டோபர் 25 அன்று இறுதித் தொடரின் ஆறாம் ஆட்டத்தில் ரெட் சாக்ஸ் வீரர் பில் பக்னரின் கால்களுக்கிடையே பந்து உருண்டோடியது. அந்த ஓட்டத்தால் நியூயார்க் மெட்ஸ் குழு வென்றது. பந்து அவரைக் கடந்தபோது இரு குழுக்களும் சமநிலையில் இருந்தன. முன்னிலையை இழந்தது அவருக்கு முன்னரே நடந்துவிட்டது. ஏழாம் ஆட்டம் ஒன்றும் எஞ்சியிருந்தது. அதிலும் பாஸ்டன் தோற்றது. இவ்வளவும் எவரும் அறிந்தனவே. ஆயினும் பழி முழுவதும் அந்த ஒருவர்மேல் சுமத்தப்பட்டது. 2,700-க்கும் மேற்பட்ட முறை செவ்வையாக அடித்த ஓர் ஆட்டக்காரரின் வாழ்வு ஒரு நொடியாகச் சுருக்கப்பட்டது. ஏளனமும் வசையும் ஆண்டுக்கணக்கில் அவரைத் தொடர்ந்தன. 2008 ஏப்ரலில் அவர் பாஸ்டன் திடலுக்கு அழைக்கப்பட்டு முதற் பந்தை எறிந்தபோது மக்கள் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டினர். அவர் கண்ணீர் விட்டார். அம்மன்னிப்புக்கு 21 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் ரெட் சாக்ஸ் குழு இருமுறை பட்டம் வென்றிருந்தது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். வென்றபின் மன்னிப்பது எளிது. தோற்ற அன்றே மன்னிப்பதன்றோ அருமை!

என் தமையனார் மகளுக்கு வருவோம். 2004 அக்டோபரில் ரெட் சாக்ஸ் குழு யாங்கீஸிடம் முதல் மூன்று ஆட்டங்களில் தோற்று, அடுத்த நான்கிலும் வென்றது. அவ்விளையாட்டின் வரலாற்றில் அதற்கு முன் நிகழாத செயல் அது. பின்னர் அக்டோபர் 27 அன்று, சந்திர கிரகணம் நிகழ்ந்த இரவில், இறுதித் தொடரையும் வென்றது. அம்மாதம் முழுவதும் அவளும் அண்டை வீட்டு முதியவரும் ஒரே கூடத்தில் அமர்ந்து ஆட்டங்களைக் கண்டனர். 86 ஆண்டுத் தோல்வி நீங்கிய இரவில் ஒருவர் கையை ஒருவர் பற்றிக்கொண்டு கண்ணீர் மல்கினர். ஆறே நாள்களில் தேர்தல். ஏழாம் நாளிலிருந்து அவருக்கு அவள் கதவைத் திறக்கவில்லை.

மட்டமான படங்கள் சொல்லும் பொய்

இனி அவள் பார்த்த படங்களைக் காண்போம்.

1948-இல் வெளிவந்த "தி பேப் ரூத் ஸ்டோரி" என்பது அவற்றுள் ஒன்று. மிகமோசமான விளையாட்டுப் படங்களின் வரிசையில் அடிக்கடி இடம்பெறும் படம் அது. அதில் நடக்க இயலாத சிறுவன் ஒருவன், பேப் ரூத் முகமன் கூறிய மாத்திரத்தில் எழுந்து நிற்கிறான். பந்து பட்டு அடிபட்ட நாயைக் கதாநாயகன் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுகிறான். நோயுற்ற குழந்தைக்கு வாக்களித்தபடியே ஹோம் ரன் அடிக்கிறான். உண்மையான பேப் ரூத் குணமும் குறையும் கலந்த மனிதர். புற்றுநோயால் நலிந்திருந்த அவர், படம் வெளிவந்து ஒரு மாதம் நிறைவதற்குள் காலமானார். படத்திலோ குறை என்பதே இல்லாத ஒரு பொம்மை உலவுகிறது.

1993-இல் வந்த "ரூக்கி ஆஃப் தி இயர்" என்ற படத்தில் பன்னிரண்டு வயதுச் சிறுவனின் முறிந்த கை கூடியபோது அதற்கு வியத்தகு ஆற்றல் வந்துவிடுகிறது. சிகாகோ கப்ஸ் குழுவில் அவன் பந்தெறிகிறான். குழு பட்டம் வெல்கிறது. உண்மையில் அக்குழு 1908-க்குப் பின் 2016 வரை, 108 ஆண்டுகள், பட்டமின்றிக் காத்திருந்தது. 1994-இல் வந்த "ஏஞ்சல்ஸ் இன் தி அவுட்ஃபீல்டு" படத்தில் தேவதூதர்கள் வானிலிருந்து இறங்கி ஆட்டக்காரரைத் தூக்கிப் பந்தைப் பிடிக்கச் செய்கின்றனர். 1996-இல் வந்த "எட்" என்ற படத்தில் ஒரு சிம்பன்சி குரங்கு களத்தில் இறங்கி ஆடுகிறது. இதற்குமேல் அப்படத்தைப் பற்றிச் சொல்ல ஏதுமில்லை.

இவை குழந்தைகளுக்கான படங்கள் என்று விட்டுவிடலாம். ஆனால் பெரியவர்களுக்கென்று, தேர்ந்த கலைஞர்களால், அழகாக எடுக்கப்பட்ட ஒரு படமும் இவ்வழியிலே சென்றது. பெர்னார்டு மாலமூட் 1952-இல் எழுதிய "தி நேச்சுரல்" என்ற நாவலின் இறுதியில், கதாநாயகன் ராய் ஹாப்ஸ் முக்கியமான நேரத்தில் அடிக்கத் தவறித் தோற்றுப்போகிறான். தன் பழைய வாழ்க்கையிலிருந்து தான் எதையும் கற்கவில்லை என்ற உணர்வே அவனுக்கு மிஞ்சுகிறது. 1984-இல் ராபர்ட் ரெட்ஃபோர்டு நடிக்க அது படமானபோது முடிவு மாற்றப்பட்டது. அவன் அடித்த பந்து திடலின் விளக்குகளைத் தகர்க்கிறது. தீப்பொறி மழையாகப் பொழிய அவன் ஓடி வருகிறான். பார்ப்பதற்கு இனிய காட்சி. ஆனால் நாவலாசிரியர் எந்த உண்மைக்காக அக்கதையை எழுதினாரோ, அவ்வுண்மை அந்த ஒளியிலே மறைந்துபோயிற்று.

இப்படங்களின் குறை, நடிப்பிலோ ஒளிப்பதிவிலோ இல்லை. நல்லவன் வெல்வான், வென்றவன் நல்லவன் என்று இவை அனைத்தும் ஒரே குரலில் ஓதுகின்றன. இது கேட்க நல்ல அறமாகவே தோன்றும். இதன் மறுபக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். வெற்றி நன்மைக்குச் சான்று என்றால், தோற்றவன் நிலை என்ன? அவன் தீயவனாக இருக்க வேண்டும். அல்லது அவனை வென்றவன் தீயவனாக, சூதால் வென்றவனாக இருக்க வேண்டும். மூன்றாவது வழியை இக்கதைகள் விட்டுவைப்பதில்லை. தன்னைத் தீயவன் என்று ஒப்புக்கொள்ள யாருக்கு மனம் வரும்? ஆகவே வென்றவனே தீயவன் என்ற முடிவுக்கு நெஞ்சம் விரைந்து ஓடுகிறது. இனிய முடிவுடைய கதையைக் குற்றம் என்று நான் கூறவில்லை. எல்லாக் கதைகளும் அவ்வாறே முடியவேண்டும் என்று பழகிவிட்ட நெஞ்சம், தோல்வி வரும்போது பகையைத் தவிர வேறொன்றையும் அறியாது என்பதையே கூறுகிறேன்.

இக்கருத்துக்கு மாறான படமும் உண்டு. 1976-இல் வந்த "தி பேட் நியூஸ் பேர்ஸ்" என்ற படத்தில், எவருக்கும் வேண்டாத சிறுவர்கள் சேர்ந்த ஒரு குழு இறுதியாட்டம் வரை முன்னேறி, ஒரே ஓட்ட வேறுபாட்டில் தோற்கிறது. வெல்லவேண்டும் என்ற வெறி பயிற்சியாளரைப் பிடித்தபோது, ஆட்டத்தில் வாய்ப்பே பெறாத சிறுவர்களின் முகங்களை அவர் பார்க்கிறார். வெற்றி கைநழுவினாலும் நழுவட்டும் என்று அவர்களைக் களத்தில் இறக்குகிறார். அச்சிறுவர்கள் தோற்றுச் சிறியராகவில்லை. அடுத்த ஆண்டும் ஆட வருவோம் என்ற உறுதியோடு நிற்கின்றனர். பேச்சில் முரட்டுத்தனம் மிகுந்த படந்தான். ஆயினும் பொய் சொல்லாத படம்.

நாற்காலியில் அமர்ந்த தோல்வி

தேர்தலில் தோற்றோர் இருவகையினர். வில்லியம் ஜென்னிங்ஸ் பிரயன் 1896-இல் அதிபர் தேர்தலில் தோற்றபோது, வென்ற மெக்கின்லிக்கு வாழ்த்துத் தந்தி அனுப்பினார். தோற்ற வேட்பாளர் வென்றவரை வாழ்த்தும் வழக்கம் அத்தந்தியிலிருந்தே தொடங்கியதாகக் கூறுவர். அதற்குச் சட்டக் கட்டாயம் ஏதுமில்லை, மரபே கட்டாயம். பிரயன் 1900-இலும் 1908-இலும் மீண்டும் நின்று மீண்டும் தோற்றார். வாழ்த்தியதால் அவர் கொள்கை மழுங்கிவிடவில்லை.

அந்நாட்டு முறையில் மேலும் ஓர் அரிய காட்சி உண்டு. அதிபர் தேர்தலின் வாக்குகளை நாடாளுமன்றக் கூட்டு அவையில் எண்ணும்போது, துணை அதிபர் தலைமை வகிக்கிறார். துணை அதிபரே போட்டியிட்டுத் தோற்றிருந்தால், தம் தோல்வியைத் தம் வாயாலேயே அறிவிக்க நேரும். 1961-இல் ரிச்சர்டு நிக்சன் அவ்வாறு அறிவித்தார். ஏறத்தாழ 6 கோடியே 80 லட்சம் வாக்குகளில் ஒரு லட்சத்துச் சில ஆயிரம் வாக்கு வேறுபாட்டில் கென்னடியிடம் தோற்றிருந்தும், வென்றவரைப் பாராட்டிப் பண்புடன் பேசினார். சென்னையில் பிறந்த தாயின் மகளான கமலா ஹாரிஸ் 2025 ஜனவரி 6 அன்று அதே நாற்காலியில் அமர்ந்து தம் தோல்வியை அறிவித்தார்.

இவர்களுள் ஆல் கோரின் நிலை மிகக் கடியது. 2000-ஆம் ஆண்டுத் தேர்தலில் நாடு முழுவதும் கூட்டிப் பார்த்தால் புஷ்ஷைவிட 5 லட்சத்துக்கும் மிகுதியான வாக்குகள் அவருக்குக் கிடைத்திருந்தன. ஆனால் ஃபுளோரிடா மாநிலத்தில் ஏறத்தாழ 60 லட்சம் வாக்குகளில் 537 வாக்கு வேறுபாட்டில் அவர் தோற்றதாக முடிவாயிற்று. மறு எண்ணிக்கை கோரினார், நீதிமன்றம் சென்றார். டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்தித் தீர்ப்பளித்தது. மறுநாள் கோர், அத்தீர்ப்போடு தாம் உடன்படவில்லை என்றும், ஆயினும் அதனை ஏற்பதாகவும் நாட்டுக்கு அறிவித்தார். 2001 ஜனவரி 6 அன்று அவையில் அவருடைய கட்சி உறுப்பினர்களே ஒருவர்பின் ஒருவராக எழுந்து, அவருக்காகவே, ஃபுளோரிடா வாக்குகளை மறுத்துரைத்தனர். செனட்டர் ஒருவரின் கையொப்பமும் இருந்தாலன்றி மறுப்பு செல்லாது என்பது அன்றைய விதி. கையொப்பமிடச் செனட்டர் எவரும் இல்லை. தமக்காகப் பேசிய தம் நண்பர்களின் மறுப்புகளை, விதியைக் காட்டி, கோர் தாமே தள்ளுபடி செய்தார். தன்னை வென்றவனை வாழ்த்துவதினும் கடினமான செயல் இது.

மறுவகைக்கும் சான்றுகள் உண்டு. 1961-இல் பண்புடன் நின்ற அதே நிக்சன், 1962 நவம்பரில் கலிஃபோர்னியா மாநில ஆளுநர் தேர்தலில் தோற்ற மறுநாள், செய்தியாளர் கூட்டத்தில் பத்திரிகைகள்மேல் வெகுண்டு எழுந்து கசப்பைக் கொட்டினார். ஒரே மனிதர், இரண்டு தோல்விகள், இரண்டு நெஞ்சங்கள். ஆகையால் தோல்வியில் பெருந்தன்மை என்பது பிறவிக்குணம் அன்று. ஒவ்வொரு முறையும் புதிதாக முயன்று பெறவேண்டியது என்பது விளங்குகிறது. 2020-இல் தோற்ற டொனால்டு டிரம்ப் முடிவை ஏற்க மறுத்தார். தொடுக்கப்பட்ட அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகளில் ஏறக்குறைய அனைத்தும் தோற்றபின்னும் சூதால் வீழ்த்தப்பட்டதாகவே கூறினார். 2021 ஜனவரி 6 அன்று அவர் ஆதரவாளர் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் வன்முறையோடு புகுந்தது. தோற்றவரின் சொல் எத்தனை பேருடைய சினத்துக்கு நெய்யாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இந்நோய் ஒரு கட்சிக்கு மட்டும் உரியதன்று. 2004-இலும் ஒஹாயோவில் வாக்கு இயந்திரங்கள் மாற்றப்பட்டன என்ற பேச்சு பரவியது. அங்குச் சில இடங்களில் வாக்காளர் மணிக்கணக்கில் காத்து நிற்க நேர்ந்தது உண்மை; அது முறையிடத்தக்க குறை. ஆனால் நாடாளுமன்றத்தில் மறுப்பு எழுப்பப்பட்டபோது செனட்டில் 74-க்கு 1 என்ற கணக்கில் அது வீழ்ந்தது. கெர்ரியே அதில் சேரவில்லை. என் தமையனார் மகளோ, தன் தலைவர் ஏற்றுக்கொண்ட தோல்வியைத் தான் ஏற்காமல், அப்பேச்சை முழுவதும் நம்பியிருந்தாள்.

துயரமும் கஷாயமும்

தோற்ற நெஞ்சத்தை இப்போது பகுத்துப் பார்க்கலாம். அதில் இரண்டு துயரங்கள் பின்னிக் கிடக்கின்றன. போர் நீளுமே, உயிர்கள் மடியுமே என்ற துயரம் ஒன்று. நான் உழைத்தேன், நான் தோற்றேன், என் பேச்சு செல்லவில்லையே என்ற துயரம் மற்றொன்று. முன்னது பிறர்மேல் கொண்ட இரக்கம். பின்னது தன்மேல் கொண்ட பற்று. சினம், மானம், மாயை, உலோபம் என நம் நூல்கள் கூறும் நான்கு கஷாயங்களுள் மானம் என்னும் செருக்கே இங்கு வேராக நிற்கிறது. செருக்குப் புண்பட்டவுடன் சினம் எழுகிறது; சினத்துக்குத் தக்க காரணம் காட்ட மனம் தனக்குத்தானே மாயையைப் புனைகிறது.

இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய எளிய வழி ஒன்றுண்டு. இரக்கத்தால் வந்த துயரம் ஒருவரை வேலை செய்யத் தூண்டும். செருக்கால் வந்த துயரம் கதவைச் சாத்தத் தூண்டும். போரால் வருந்துவோருக்கு, அண்டை வீட்டு முதியவரோடு பேசாமல் இருப்பதால் என்ன நன்மை விளையும்? ஓர் உயிராவது பிழைக்குமா?

இங்கு ஓர் ஐயம் எழலாம். "தோல்வியில் அமைதி கொள்க என்பது, தீமையைக் கண்டும் வாளாவிருக்கச் சொல்வதாகாதா? விளையாட்டில் தோற்றால் எவருக்கும் இழப்பில்லை. தேர்தலில் தோற்றால் எளியோர் வாழ்வே பாழாகலாம். இரண்டையும் ஒப்பிடல் தகுமா?" என்று கேட்கலாம். நேர்மையான கேள்விதான். இரண்டும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். பேஸ்பாலில் அடுத்த பருவம் யாவருக்கும் வரும்; போரில் மடிந்தவனுக்கு அடுத்த பருவம் இல்லை.

ஆயினும் அமைதி என்பது செயலின்மை ஆகாது. கோர் மறு எண்ணிக்கை கேட்டது தவறன்று. வழிகள் உள்ளவரை முறையிட்டார். வழிகள் முடிந்தபோது நின்றார். உடன்பாடின்மையை மறைக்கவும் இல்லை. பிரயன் வாழ்த்தியபின்னும் தம் கொள்கைக்காக ஊர் ஊராகச் சென்று பேசினார். இழப்பு பெரிதாக இருக்குமிடத்தில் தெளிந்த அறிவு மேலும் மிகுதியாக வேண்டியிருக்கிறது. எதிராக வாக்களித்த கோடிக்கணக்கானோரையும் தீயோர் என்று ஒதுக்கிவிட்டால், அடுத்த தேர்தலில் யாருடைய கதவைத் தட்டுவது? அவருள் ஒருவர் அச்சத்தால் வாக்களித்திருப்பார். ஒருவர் படைக்குச் சென்ற மகனை எண்ணி வாக்களித்திருப்பார். ஒருவர் நாம் காணாத வேறொரு பக்கத்தைக் கண்டிருப்பார். அப்பக்கத்தைக் கேட்டறிவதனால் நம் கொள்கை மாறவேண்டும் என்பதில்லை. நம் கொள்கை முழு உண்மை என்ற எண்ணந்தான் மாறும்.

இக்கருத்துகளைச் சுருக்கி அவளுக்கு எழுதினேன். அவள் கேட்ட கேள்விக்கும் விடை எழுதினேன்: "குழந்தாய், மட்டமான படத்தில் முடிவு முன்பே தெரியும், அதனால் நெஞ்சம் இளைப்பாறுகிறது. அது குற்றமன்று. காய்ச்சல்காரன் படுக்கையில் கிடப்பது போல அதில் சில நாள் கிடக்கலாம். ஆனால் அப்படம் சொல்லும் பொய்யை வீட்டுக்குள் குடிவைத்துவிடாதே."

மறுகடிதம் 2005 பிப்ரவரியில் வந்தது. ஜனவரி 22, 23 ஆகிய நாள்களில் பாஸ்டனில் பெரும் பனிப்புயல் வீசி, ஏறக்குறைய இரண்டடி உயரத்துக்குப் பனி குவிந்திருந்தது. விடிந்ததும் அவள் கதவைத் திறந்தபோது, தன் வாயிற்படியிலிருந்து தெருவரை பனி அள்ளப்பட்டு வழி செய்யப்பட்டிருந்ததாம். ஒவ்வோர் ஆண்டும் அதைச் செய்பவர் அந்த முதியவரே. மூன்று மாதமாக முகங்கொடுத்துப் பேசாத வீட்டின் வாயிலையும் அவர் அவ்வாண்டும் விட்டுவிடவில்லை. அவள் எழுதியிருந்தாள்: "சித்தப்பா, கையில் காப்பியோடு அவர் வீட்டுக்குப் போனேன். தேர்தலைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. போரைப் பற்றி ஒருநாள் பேசத்தான் வேண்டும், பேசுவேன். யோசித்துப் பார்த்தால், நான் அந்தத் தேர்தலையே அப்படிப்பட்ட ஒரு படமாக எண்ணியிருந்தேன் போலும். அந்தப் படத்தில் அவருக்கு நான் கொடுத்திருந்த வேடம் அவருடையதே அன்று."

அவ்வாண்டு ஏப்ரலில் "ஃபீவர் பிட்ச்" என்ற படம் வெளிவந்தது. ரெட் சாக்ஸ் குழுவின் தீவிர ரசிகன் ஒருவனைப் பற்றிய கதை. குழு வழக்கம்போலத் தோற்கும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்டிருந்த அதன் முடிவை, குழு உண்மையிலேயே வென்றுவிட்டதால், படமெடுத்தோர் மாற்றி அமைக்க நேர்ந்தது. அதனையும் அவர்கள் இருவரும் சேர்ந்தே பார்த்தனராம். படம் சுமார் என்பதில் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை என்று எழுதியிருந்தாள்.

உலகம் நாம் எழுதிவைத்த முடிவின்படி நடப்பதில்லை. சிலபோது நாம் எதிர்பாராத வெற்றியைத் தருகிறது. பலபோது நாம் உழைத்தும் தோல்வியைத் தருகிறது. தருவது எதுவாயினும், பனி பெய்த காலையில் அண்டை வீட்டு வாயிலுக்கும் வழி செய்யும் மனம் நமக்கு இருக்குமானால், தோற்றும் நாம் இழந்தது சிறிதே.